தானே துயிலும் எஞ்சின்

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதனை ஓட்டுவோர்க்கு இருந்த பெருங்கவலை, எஞ்சின் எழும்பாமையே. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி வலிமை கொண்ட மட்டும் சுழற்றவேண்டும். எழும்பினால் எழும்பும், சில வேளை எஞ்சின் எதிர்த்து உதைத்துச் சுழற்றியவர் மணிக்கட்டை முறித்தலும் உண்டு. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில், சார்லஸ் கெட்டரிங் என்பார் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்ட பின்னரே அவ்வல்லல் சிறிது சிறிதாக நீங்கலாயிற்று. யாம் இங்கு எடுத்துரைக்கப் புகும் அல்லலோ அதற்கு நேர்மாறானது. ஓடவேண்டிய எஞ்சின் எம்மைக் கேளாமலே நின்றுவிடுகின்றது. பின்னர்த் தன் மனம்போல எழும்புகின்றது. இதனையும் ஒரு துன்பமென்று எழுதுவது, பாயசத்தில் முந்திரிப் பருப்புக் குறைந்ததென்று செல்வர் வீட்டுப் பிள்ளை அழுவதை ஒக்கும் என்று நகைப்போர் சிலர் இருப்பர். அவர்கள் நகைக்கட்டும். சித்திரை மாதத்து நண்பகலில் எம்முடன் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிச் சந்திப்பு வரையில் வந்தபின் அவர்கள் நகைப்பராயின், அதனையும் யாம் பொறுத்துக்கொள்வோம்.

யாம் 2022-ஆம் ஆண்டில் வாங்கியது பெட்ரோலில் ஓடும் ஹைபிரிட் எஸ்.யு.வி. ஒன்று. அதனைச் செய்தோர் பெயரும் விற்றோர் பெயரும் இங்கு வேண்டா. இக்குணம் பல கம்பெனிகளின் வண்டிகளுக்கும் பொதுவானதே. ஹைபிரிட் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், வண்டி பாதி வழி மின்சாரத்தாலேயே ஓடுமென்று மயங்குவோர் பலர். அச்சொல்லுள் இருவகை அடங்கும். ஒன்று, 1997-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போன்றது. பெரிய மின்மோட்டாரும் அதற்கேற்ற பாட்டரியும் உடையதாய், எஞ்சின் உறங்கும்போதும் சிறிது தூரம் தானே செல்ல வல்லது. மற்றொன்று மைல்ட் ஹைபிரிட் எனப்படுவது. இதில் எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்ட மின்பொறி ஒன்று ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் இருதொழில் புரியும். பிரேக் இடுங்கால் வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை மின்சாரமாக்கிச் சிறியதொரு லித்தியம் பாட்டரியில் சேர்த்துவைத்து, புறப்படுங்கால் அதனைக்கொண்டு எஞ்சினுக்குக் கைகொடுக்கும். தனித்து நின்று வண்டியை இழுக்க அதனால் இயலாது. எம்முடையது இவ்விரண்டாம் வகையினது. கியரும் தானே மாறிக்கொள்ளும்.

இனி அதன் நடத்தையைக் கூறுவோம். வண்டி நின்று, எம் கால் பிரேக்கில் ஊன்றியிருக்குமாயின், ஓரிரு விநாடிக்குள் எஞ்சின் அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் உடல் சிறிது சிலிர்த்தாற்போல அசைந்து மீண்டும் எழும்பும். இதற்குச் சில நிபந்தனைகள் உள. எஞ்சின் போதிய சூடேறியிருத்தல் வேண்டும். பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருத்தல் வேண்டும். ஓட்டுவோர் இருக்கைவார் பூட்டியிருத்தல் வேண்டும். கதவும் எஞ்சின் மூடியும் அடைந்திருத்தல் வேண்டும். உள்ளறை பெரிதும் வெம்மையுற்றிருத்தல் ஆகாது. இவையெல்லாம் பொருந்தினவா என்பதை வண்டியே ஆராய்ந்து வண்டியே தீர்ப்புக் கூறும். நமக்குப் புலப்படுவது தீர்ப்பு மட்டுமே, காரணம் கூறப்படுவதில்லை. ஒரு சிக்னலில் அணையும், அடுத்ததில் அணையாது. இன்று அணைந்த இடத்தில் நாளை அணையாது. ஆதலின் அதன் வழக்கத்தை அறிந்து அதற்கேற்ப நாம் ஒழுகுவோம் என்றாலும் இயலுவதில்லை.

எம் வீட்டிலிருந்து முருகன்குறிச்சி வழியாக வண்ணாரப்பேட்டையைக் கடந்து, தாமிரபரணிமேல் 1843-ஆம் ஆண்டு முதல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தை அடைந்து சந்திப்புக்குச் செல்லும் வழி பெருந்தூரமன்று. எனினும் மாலை 5 மணிக்கு மேல் அவ்வழியில் செல்வோர் ஓடுதலும் நிற்றலும் ஆகிய இரண்டில் நிற்றலையே மிகுதியும் செய்வர். முன்னிருக்கும் மினி பஸ் மூன்று முழம் நகரும், நாமும் நகர்வோம், அது நிற்கும், நாமும் நிற்போம். எம் வண்டி ஒவ்வொரு நிற்றலையும் ஒரு பெரிய ஓய்வென்று கருதி உடனே துயில்கொள்ளும். துயின்ற மூன்றாம் விநாடியில் மினி பஸ் நகர, எம் வண்டி எழும்பும். ஒருநாள், உடன்வந்த எம் தம்பியார் கடிகாரமும் தாளும் கையிற்கொண்டு எண்ணினார். அன்று எஞ்சின் அணைந்தது 31 முறை. அவற்றுள் 19 முறை பத்து விநாடிக்குள் மீண்டும் எழும்பிற்று. அமெரிக்க நாட்டு ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் இதனை ஆராய்ந்து, 10 விநாடிக்கு மேல் நிற்க நேருமாயின் எஞ்சினை அணைத்து மீண்டும் எழுப்புதலே பெட்ரோற் செலவிற்கு நன்று என்று கூறியுள்ளனர். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், எம் வண்டியின் துயில்களிற் பாதிக்கு மேற்பட்டவை எவர்க்கும் பயன்படாத துயில்களே.

வீண் என்பதோடு நில்லாது, அச்சம் தரும் வேளைகளும் உண்டு. கிளைச்சாலையிலிருந்து நான்குவழிச் சாலையிற் புகுவோர் லாரிகளின் இடையே தோன்றும் ஓர் இடைவெளியை நோக்கி, வில்லில் நாணேற்றினாற்போல ஆயத்தமாக நிற்பர். கால் பிரேக்கில் இருக்கும். மனம் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும். அந்நிலையிலேயே எஞ்சின் அணைந்துவிடும். இடைவெளி தோன்றக் காலை மாற்றுகின்றோம்; எஞ்சின் எழும்ப அரை விநாடியும் ஆகாது என்பது மெய்யே. ஆயினும் எழும்புதல் வேறு, இழுத்தல் வேறு. கியர் பிடித்து வண்டி நகர்தற்குள் அவ்விடைவெளி குறுகிவிடுகின்றது. புகுவோமா, நிற்போமா என்னும் ஐயம் உதிக்கின்றது. சாலையில் ஐயத்தைப்போலக் கேடு தருவது பிறிதில்லை. அத்தகைய இடங்களில் பிரேக்கை முழுதும் ஊன்றாது, மெல்லத் தொட்டவண்ணம் நின்று எஞ்சினை விழித்திருக்கச் செய்யும் வித்தையொன்றை யாம் கற்றுக்கொண்டோம். குழந்தை உறங்காதபடி தோளிற் தட்டிக்கொண்டே நிற்பதுபோன்ற வித்தை அது. இதனை எந்த ஓட்டுநர் பள்ளியும் கற்பிப்பதில்லை.

இவற்றினும் எம் உள்ளத்தைத் தைத்தது பிறிதொன்று. மைல்ட் ஹைபிரிட் வண்டிகளில் ஏ.ஸி.யின் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சின் அணைந்தால் கம்ப்ரஸரும் ஓயும். விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். முதலிற் சிறிது குளிர்காற்று வரும்; பின்னர் ஈரநாற்றம் கலந்த காற்று வரும்; அதன் பின்னர் வருவது வெறுங்காற்று. வெளியே திருநெல்வேலி வெயில் காய்கின்றது. உள்ளே எவ்வளவு வெப்பம் ஏறினால் எஞ்சினை எழுப்பலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கின்றார்கள். அவ்வெல்லையை வைத்தவர்கள் எந்நாட்டு வெயிலை மனத்திற்கொண்டு வைத்தனரோ!

2023-ஆம் ஆண்டு சித்திரையில், 81 வயது நிரம்பிய எம் பெரியம்மையைக் கண்புரைச் சிகிச்சை செய்வித்து வீட்டிற்கு அழைத்துவந்தோம். ஒரு கண் மூடிக் கட்டப்பட்டிருந்தது. கட்டினுள் வியர்வை புகலாகாது, தலைகுனிந்து விம்மலாகாது என்று டாக்டர் பலமுறை சொல்லியனுப்பினார். பாலத்தின் நடுவே வாகனங்கள் இறுகி நின்றன. எம் வண்டி துயில்கொண்டது; ஓரடி நகர்ந்தது; மீண்டும் துயின்றது.

“ஏய்யா, வண்டி நின்னு போச்சே!” என்றார் பெரியம்மை.

“இல்ல பெரியம்மா, அது தானா நிக்கும், தானா எந்திரிக்கும்” என்றோம்.

“தானா நிக்கிற வண்டியையா காசு குடுத்து வாங்குனே?”

இதற்கு யாம் விடை தேடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் எழும்பி மறுபடியும் அணைந்தது. அவர் முன்னிருக்கையின் முதுகை இறுகப் பற்றினார். எம் பெரியப்பா காலத்தில் அவர்கட்கு ஒரு பழைய அம்பாஸடர் வண்டி இருந்தது. அது ஒருமுறை கயத்தாற்றுக்கு அப்பால், ஆளரவமற்ற இடத்தில் நின்றுபோக, கைக்குழந்தையோடு விளக்கு வைக்கும் நேரம் வரையில் அவர் சாலையோரத்து வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்ததுண்டு. வண்டியின் ஒலி ஓய்ந்தால் அவர்க்குப் பொருள் ஒன்றே: இனித் தள்ளவேண்டும், ஆள் தேடவேண்டும், இருட்டிவிடும். எத்துணை விளக்கம் கூறினும், ஐம்பதாண்டுக்கு முன்னே உடம்பில் ஊறிய அவ்வச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. ஒவ்வொரு துயிலுக்கும் அவர் கை நடுங்கிற்று. நெற்றி வியர்த்துக் கட்டின் ஓரம் நனைந்தது. “ஒரு ஆட்டோவப் பிடிச்சுக் குடு, நான் போயிருதேன்” என்று கெஞ்சும் குரலிற் கூறியபோது எமக்கு உண்டான மனவருத்தம் சிறிதன்று. கைக்குட்டையால் அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டே ஒரு கையால் பொத்தானைத் துழாவி அமுக்கினோம். எஞ்சின் உறுமி நிலைபெற்றது. குளிர்காற்று வர மூன்று நிமிஷம் சென்றது. கண்ணுக்குத் தீங்கொன்றும் விளையவில்லை, ஆயினும் அதன் பின்னர் அவர் எம் வண்டியில் ஏறுமுன், இருக்கைவாரைப் பூட்டுதற்கும் முன்னே, “பொத்தானை அமுக்கியாச்சா?” என்று வினவுவதை வழக்கமாகக் கொண்டார்.

அப்பொத்தானைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; எம் சினம் முழுதும் அதன்மேலதே. வட்ட அம்புக்குறியின் நடுவே ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் அது. அதனை அமுக்கினால் அன்றைய பயணத்தில் எஞ்சின் தானே துயிலாது. மிக நன்று. ஆனால் வண்டியை நிறுத்தி, மறுமுறை புறப்படும்போது நம் கட்டளையை அது முற்றும் மறந்திருக்கும். காலையில் அமுக்கியதை மாலையில் மறுபடியும் அமுக்கவேண்டும். இன்று அமுக்கியதை நாளையும் அமுக்கவேண்டும். நாம் கேட்ட வானொலி நிலையத்தை அது நினைவில் வைத்திருக்கின்றது, இருக்கையின் உயரத்தையும் நாம் வைத்தபடியே வைத்திருக்கின்றது, ஏ.ஸி.யின் அளவையும் மறப்பதில்லை. இவ்வொன்றை மட்டும் மறக்கின்றது. இம்மறதி இயற்கையன்று, திட்டமிட்டுப் புகுத்தியது என்பதை அறிந்த நாளில் எமக்கு வியப்பும் சினமும் ஒருங்கே உண்டாயின.

காரணம் யாதெனில், மாணவர்கட்குப் பரீட்சை உள்ளது போலவே வண்டிகட்கும் ஒரு பரீட்சை உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமிலவாயு என்பன அதிலேதான் அளக்கப்படும். இந்தியாவில் எம் வண்டி எழுதிய பரீட்சை, ஐரோப்பியரின் பழைய முறையைத் தழுவி அமைத்த இந்திய ஓட்டச் சுற்று என்பது. வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டுவர். மொத்தம் 1,180 விநாடி. மிகுந்த வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அறையின் வெப்பம் 20 முதல் 30 பாகைக்குள், ஏ.ஸி. ஓடுவதில்லை. அந்நேரத்தில் ஏறக்குறைய காற்பங்கு வண்டி அசையாது நிற்கும் நேரமாகும். அந்நிற்றல்களுட் பல 20 விநாடிக்குச் சற்று மேற்பட்டவை. இத்தகைய பரீட்சையில், நின்றவுடன் துயிலும் எஞ்சின் நல்ல மதிப்பெண் பெறுதல் திண்ணம். வண்டியின் இயல்பான நிலைக்கே அம்மதிப்பெண் வழங்கப்படுகின்றது. நாம் ஒருமுறை அமுக்கியதை வண்டி என்றும் நினைவில் வைக்குமாயின் இயல்பான நிலையே மாறிவிடும். பெற்ற மதிப்பெண்ணும் செல்லாதாகும். ஆதலின் ஒவ்வொரு முறையும் மறந்தே தீரவேண்டும். இந்திய அரசாங்கத்தார் கம்பெனிகளின் வண்டிகள் சராசரியாக வெளியிடக்கூடிய கரியமிலவாயுவிற்கு 2017-18-ஆம் ஆண்டு முதல் 130 கிராமும், 2022-23-ஆம் ஆண்டு முதல் 113 கிராமும் என எல்லை வகுத்தபின், ஒவ்வொரு கிராமும் கம்பெனிகட்குப் பொன்போன்றதாயிற்று.

வினாத்தாளில் வருவனவற்றை மட்டும் உருப்போட்டு முதல் வகுப்பில் தேறும் மாணவனை நம் கல்லூரியில் நாம் அறியாதவர் அல்லேம். அவன் மதிப்பெண் பொய்யன்று. தாளில் எழுதியதும் பிழையன்று. அடுத்த ஆண்டு வினாவைச் சிறிது திருப்பிக் கேட்டாற்றான் அவன் விழிப்பான். எம் வண்டி அவ்வினத்தது. மூன்று விநாடி நிற்றலும், 39 பாகை வெயிலும், கண்கட்டிய முதியவரும் அதன் பாடத்திட்டத்தில் இல்லாதவை.

சர்வீஸ் நிலையத்தில் முறையிட்டோம். அங்கிருந்த இளைஞர் மிக்க மரியாதையோடு செவிசாய்த்து, “சார், இது கம்ப்ளெயின்ட் இல்லை, இது ஃபீச்சர்” என்று கூறித் தேநீர் வரவழைத்தார். நினைவில் வைக்கும்படி மாற்றிக்கொடுக்க இயலுமா என்று வினவினோம். கம்பெனி அனுமதியாது என்றார். கடைகளில் அதற்கென்றே ஒரு சிறு கருவி விற்கின்றதே என்றோம். அதனைப் பொருத்தினால் வாரண்டி போய்விடும் என்றார். அவர்மேல் எமக்கு வருத்தமில்லை. இவ்வினாவை அவரிடம் வாரத்திற்குப் பத்துப் பேராவது கேட்டிருப்பர் என்பது அவர் விடை கூறிய விரைவிலேயே தெரிந்தது. அமெரிக்காவிலும் இதே முணுமுணுப்பு எழுந்து, 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டுச் சுற்றுச்சூழற் காப்பு நிலையத்தின் தலைவரே, இதனை ஒருவரும் விரும்பவில்லை, சரிசெய்வோம் என்று பகிரங்கமாகக் கூறினார். அங்கு இவ்வமைப்பைப் பொருத்திய கம்பெனிகட்குப் புகைக்கணக்கில் சலுகை அளித்துவந்தமையால் பேச்சு அம்மட்டும் சென்றது.

நிற்க. இவ்வளவு கூறியதால் எஞ்சினை அணைப்பதே தீது என்பது எம் கட்சியன்று. இக்கருத்து தோன்றிய வரலாறும் பழிக்கத்தக்கதன்று. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய்ப் பஞ்சத்தால் ஜப்பான் தவித்தபோது, டொயோட்டா கம்பெனியார் தம் கிரௌன் என்னும் வண்டியில், ஒன்றரை விநாடிக்கு மேல் நின்றால் எஞ்சினை அணைக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, 1974-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்துப் போக்குவரத்தில் ஓட்டிப் பார்த்தனர். எண்ணெய்ச் செலவு பத்திலொரு பங்கு குறைந்தது. பஞ்சகாலத்தில் பத்திலொரு பங்கு அற்பமன்று.

எமக்கும் அதன் நன்மை தெரிந்த இடம் ஒன்றுண்டு. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்திருந்தோர் அறிவர், அக்காத்திருப்பு இத்தன்மைத்து என்பதை. கேட் அடைத்து, வண்டி வந்து, அது போனபின்னும் திறவாமல், எதிர்ப்புறத்து வண்டிக்கும் காத்திருந்து, பத்து நிமிஷம் சென்ற நாட்கள் உண்டு. அங்கு எம் எஞ்சின் துயின்றபோது யாம் மனமார வாழ்த்தினோம். எமக்குப் பின்னே, எம் சைலன்ஸருக்கு இரண்டடி தூரத்தில், மோட்டார் சைக்கிளில் முன்புறம் குழந்தையை இருத்திய தாயொருத்தி நின்றாள். அவ்விருவர் மூச்சிலும் எம் புகை சேரவில்லை. அமைதியில் தண்டவாளம் அதிரும் ஓசை முதலிற் கேட்டது. பனங்கிழங்கு விற்பவளின் குரல் அடுத்துக் கேட்டது. பள்ளிக்கூட வாயிலில் பிள்ளைகளை அழைத்துச்செல்ல வந்து, ஏ.ஸி. குளிரில் எஞ்சினை ஓடவிட்டு அரைமணி நேரம் கைப்பேசி பார்ப்போரின் வண்டிகளுக்கு இக்குணம் இருபங்கு வேண்டுமென்றே யாம் சொல்வோம்.

ஆனால் அக்கேட்டில் எம் வண்டி செய்ததை, எமக்கு இடப்புறம் நின்ற ஆட்டோக்காரர் எந்தப் பொறியும் இன்றிச் செய்தார். கேட் கீழிறங்கக் கண்ட உடனே கையை நீட்டிச் சாவியைத் திருகினார். பீடி ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். கேட்காரர் அறைக்குள்ளிருந்து எழுந்து வருவதைக் கண்டு, திறக்குமுன்னரே ஏறியமர்ந்து எழுப்பினார். சிக்னல்களிலும் அவர்கள் செய்கை இதுவே. நம் நகரங்களில் பல சிக்னல்களில் இன்னும் எத்தனை விநாடி என்பது எண்ணாக ஒளிர்கின்றதன்றோ? 78 என்று கண்டால் ஆட்டோக்காரர் அணைப்பார். 9 என்று கண்டால் அணையார். படியாதவரும் அறிந்து செய்யும் இக்கணக்கை, எத்தனையோ கணிப்பொறிகளைத் தன்னுள் வைத்த எம் வண்டி செய்யாது. 78-உம் 9-உம் அதற்கு ஒன்றே. எதிரிலுள்ள எண்ணை அது காண்பதில்லை. ஆடி கம்பெனியார் 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், சிக்னல் பச்சையாக எத்தனை விநாடி உளதென்பதை வண்டியின் முகப்பிலேயே காட்டும் முறை ஒன்றைத் தொடங்கினர். நம் கல்லூரியின் பௌதிக, கணிப்பொறி மாணவர்கள் வண்ணாரப்பேட்டைச் சிக்னலுக்கு அவ்வாறு ஒன்று செய்வாராயின் யாம் முதற்கண் அவர்கட்கு எம் வண்டியைச் சோதனைக்கு ஈவோம்.

இன்னொன்றும் உண்டு. எம் பெரியம்மை ஆட்டோவில் செல்லுங்கால், ஓட்டுபவர் சாவியைத் திருகி அணைப்பதைக் கண்ணாற் கண்டும் அஞ்சியதில்லை. ஓர் ஆள் கைநீட்டி அணைத்தார். அவரே எழுப்புவார் என்பது அவர்க்கு விளங்கிற்று. எம் வண்டியிலோ அணைத்த கை எவருடையதென்று காண அவரால் இயலவில்லை.

வரவுசெலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் ஆசிரியர்களிற் சிலர் அதனையே முதலிற் கேட்பர். எம் வண்டி போன்ற ஒன்றரை லிட்டர் எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பெட்ரோல் செலவாகும். நாளொன்றுக்கு யாம் நெரிசலில் நிற்பது 12 நிமிஷம் எனக் கொண்டால், ஒருமுறையும் தவறாது அணைந்தாலும் மிச்சமாவது 150 மில்லிலிட்டர். லிட்டர் நூறு ரூபாயென்று வைத்தால் பதினைந்து ரூபாய். வேலைநாட்கள் 250 எனில் ஆண்டிற்கு 3,750 ரூபாய். இது மேல்வரம்பு. குறுந்துயில்களையும், சூட்டினால் துயில மறுத்த வேளைகளையும், யாமே பொத்தானை அமுக்கிய நாட்களையும் கழித்தால் நிற்பது இதில் மூன்றிலொரு பங்கு வருமோ வராதோ. இவ்வளவு அணைத்தலையும் எழுப்புதலையும் தாங்குதற்குச் சாதாரணப் பாட்டரி பயன்படாது. லித்தியம் ஒருபுறம் இருக்க, பழைய வகையைச் சேர்ந்த ஈயப் பாட்டரியும் அதற்கென வலுப்படுத்தியதாக இருத்தல் வேண்டும். அதன் விலையும் உயர்வு. வெப்பம் பாட்டரிக்குப் பகை. எம்முடையது மூன்றாண்டு நிரம்புமுன்னரே உயிர்விட்டது. மிச்சம் பிடித்த பெட்ரோலை அப்பாட்டரி ஒரே நாளில் விழுங்கிற்று. எஞ்சின் தேயுமே என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: அதற்கேற்ப ஸ்டார்ட்டரையும் பேரிங்குகளையும் உறுதிப்படுத்தியே செய்கின்றனர், அவ்வச்சம் பெரிதும் வேண்டாததே.

சென்ற மாதம், வேறொரு வகையைப் பார்ப்போமென்று, முன்னர்க் கூறிய முதல் வகை ஹைபிரிட் ஒன்றைச் சோதனை ஓட்டத்திற்குக் கேட்டுப் பெரியம்மையையும் உடன் அழைத்துச்சென்றோம். அதில் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினன்று, மின்சாரம். பாலத்தின் நடுவே வழக்கம்போல நின்றோம். எஞ்சின் அணைந்தது முகப்பிலிருந்த படத்தைக் கண்டே எமக்குத் தெரிந்தது. குளிர்காற்றோ சிறிதும் குறையவில்லை. வாகனங்கள் நகர, அதுவும் ஒலியின்றி மின்சாரத்தாலேயே நகர்ந்தது, சிலிர்ப்பில்லை, உறுமலில்லை. திரும்பிப் பார்த்தோம், பெரியம்மை தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். அவ்வண்டியின் விலை எம்முடையதினும் சில இலட்சம் மிகுதி என்பதை ஷோரூமிலுள்ளார் இன்முகத்தோடு தாளில் எழுதிக் கொடுத்தனர். அத்தாள் எம் மேசையில் இருக்கின்றது. நாடோறும் காலையில் புறப்படுமுன் யாம் பொத்தானை அமுக்கிக்கொண்டுதான் இருக்கின்றோம். அதன்மேற் பொறித்த அம்புக்குறி பாதி தேய்ந்துவிட்டது.